காற்று விழுந்த கிழமை

பெர்னடெற் தன் வாழ்நாளில் களவெடுத்தது ஒரேயொரு பொருள்தான். ஒரு சாண் உயரமுள்ள முருங்கைக் கன்று. அதையும் அவள் களவென்று நினைக்கவில்லை. லண்டனில், மிச்சம் பகுதியில், எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள்: கேட்டு வாங்கின கன்று வாடும், கேளாமல் எடுத்த கன்றுதான் தழைக்கும். பெர்னடெற்றின் குசினி யன்னலில் மூன்று வருடமாக மூன்று முருங்கைகள் கார்த்திகைக் குளிரில் செத்துப் போயிருந்தன. மூன்றும் கேட்டு வாங்கினவை.

அது நடந்தது பங்குத் தமிழ்ப் பள்ளியின் சுற்றுலாவில். நாலாம் வகுப்புப் புத்தகத்தில் ‘காற்றும் வெயிலும் நமக்கு உதவும்’ என்றொரு பாடம் இருந்தது. அதைப் படிப்பித்த செல்வமலர் அக்கா, பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டி அலுத்துப்போய், கிளாப்பம் பக்கத்தில் நிலத்துக்கடியில் இருக்கிற தோட்டமொன்றுக்குக் கூட்டிப் போக ஒழுங்கு செய்தாள். செல்வமலர் சைவக்காரி. ஆனாலும் பதினொரு வருடமாக மாதா கோயில் மண்டபத்தில்தான் படிப்பிக்கிறாள். பதினேழு பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு தாய் தேவைப்பட்டது. அஜித்தாவின் தாயென்ற முறையில் பெர்னடெற் போனாள்.

“சோடி சோடியாய்க் கையைப் பிடியுங்கோ,” என்றாள் செல்வமலர், தோட்டத்து வாசலில். “பிள்ளையளை நான் ஒண்டு ரெண்டெண்டு எண்ணமாட்டன், கண்ணூறு. சோடியைத்தான் பாப்பன்.”

அஜித்தாவின் சோடிக்குக் காய்ச்சல். அதனால் அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயது. நிற்கும்போது எப்போதும் ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்பாள். கோயிலில் நற்கருணை நன்மைக்கு வரிசையில் நிற்கும்போதும் அப்படித்தான்.

தோட்டத்தில் அவர்களை எதிர்கொண்டவர் சண்முகராசா. யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, எஞ்சினியர், பயிர்ப் பகுதிக்குப் பொறுப்பு. எல்லோருக்கும் வெள்ளை மேலங்கியும் தலைக்கு வலையும் முகக்கவசமும் கொடுத்தார். போட்டு முடித்ததும் பதினேழு பிள்ளைகளும் ஒரே பிள்ளை போலாகிவிட்டார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது.

வாசலில் ஒரு பெரிய திரை. அதில் கோடொன்று ஏறி இறங்கி ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

“இது என்ன தெரியுமோ? காத்து,” என்றார் சண்முகராசா. “கடலுக்கை நிக்கிற காத்தாலையள் எவ்வளவு சுத்துதெண்டு காட்டுது. இரவிலை சனம் படுத்திடும். காத்து படுக்காது. அப்ப கரண்ட் மிஞ்சிக் கிடக்கும். அந்த நேரம் நாங்கள் கீழை லைற்றைப் போடுவம். செடிக்கு அதுதான் பகல். விடிய நிப்பாட்டுவம்.”

“காத்து அடிக்காட்டி?” என்று கேட்டான் டெனுசன். அவன் கேட்காவிட்டால் அந்த வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள்.

“அடிக்காட்டி இருட்டுத்தான். மேலை வெயில் தகடு கொஞ்சம் கிடக்கு, அது தண்ணிப் பம்புக்கும் மின்விசிறிக்கும்தான் காணும். போன மாரியிலை நாலு நாள் இருட்டிலை கிடந்ததுகள்.”

“செத்துப் போச்சோ?”

“சாகேல்லை. நித்திரை.”

“ஒரு கிழமை, ஏழு நாளும் எண்டா?”

சண்முகராசா சிரித்தார். “ஒரு கிழமை இன்னும் வரேல்லை, ராசா. வரட்டும், பாப்பம்.”

லிஃப்ற் கீழே போகப் போகக் காது அடைத்தது. கதவு திறந்தபோது முதலில் வந்தது மணம். நனைந்த மண்ணின் மணமல்ல, மண்ணே இல்லாத ஈரத்தின் மணம். அதன்பிறகு பச்சை. சுரங்கம் முழுவதும் மங்கலான பச்சை விளக்குகள். தட்டுக்கு மேல் தட்டாக, கூரை வளைவு வரைக்கும், கண் போய் முடியும் இடம் வரைக்கும் செடிகள்.

“பிள்ளையள், இப்ப நேரம் என்ன?”

“ரெண்டரை.”

“மேலை ரெண்டரை. இஞ்சை நடுச்சாமம் தாண்டீற்றுது. மெல்லமாய்க் கதையுங்கோ.” அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் உண்மையாகவே குரலைத் தாழ்த்தினார்கள். “இந்தப் பச்சை வெளிச்சம் எங்களுக்குத்தான். செடிக்கு இது தெரியாது. அதுக்கு இப்ப கும்மிருட்டு. முந்தி உலக யுத்தத்திலை குண்டு விழுந்த காலத்திலை சனம் இஞ்சைதான் வந்து படுத்தது. இப்ப கீரை படுக்குது.”

மல்லி, வல்லாரை, துளசி என்று காட்டிக்கொண்டே போனார். பதினாலாம் நிரையில் முருங்கை. தட்டொன்றுக்கு எழுபத்திரண்டு குழி, குழிக்கு ஒரு கன்று. இலையை மட்டும் வெட்டுவார்களாம். வெட்ட வெட்டத் தழைக்குமாம். வருடத்துக்கு ஒருமுறைதான் தட்டையே மாற்றுவார்களாம். ஒவ்வொரு கன்றும் இலைகளைக் கீழே தொங்கவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கைகூப்பினபடி நின்றது. ஆயிரக்கணக்கான சின்னக் கைகள்.

“செபம் சொல்லுதுகள்,” என்றாள் அஜித்தா.

“நித்திரை கொள்ளுதுகள்,” என்றார் சண்முகராசா. “நித்திரையிலை எங்களைப்போலத்தான் மூச்சு விடுங்கள். கொஞ்சம் பேசாமல் நிண்டா விளங்கும்.”

பேசாமல் நின்றார்கள். மின்விசிறி ஓய்ந்து ஓய்ந்து சுழன்றது. அதன் இடைவெளியில் வேறொன்றும் கேட்டது. அல்லது கேட்பதாகப் பதினேழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பெர்னடெற் கன்றுகளைப் பார்த்தபடி நின்றாள். வெள்ளிக்கிழமைகளில் நண்டு வாங்கி வந்தால் ஒரு பிடி முருங்கையிலை போடாவிட்டால் கறி வெறும் பனங்கிழங்கு மா கரைத்ததுபோல இருக்கும். கடையில் விற்பது காய்ந்த சருகு. இங்கே இப்படிக் கிடக்கிறது. ஒன்றே ஒன்று.

“மலரக்கா,” என்றாள் காதோடு காதாக. “ஒரு முருங்கைக் கண்டு எடுத்தாத் தெரியுமே?”

“விசரி. பொழுதுபட்டாப் பிறகு மரத்திலை கைவைக்கப்படாது.”

“பகல் தானே அக்கா.”

“அந்தாள் சொன்னதைக் கேக்கேல்லையோ, இதுகளுக்கு இரவு. கட்டாயம் பிடுங்கத்தான் வேணுமெண்டால் தட்டி எழுப்பி, கேட்டிட்டுப் பிடுங்கவேணும்.” செல்வமலர் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டே முன்னால் போனாள்.

கன்றை வேரோடு எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ஒரு கை தட்டைப் பிடிக்க, மற்றது இழுக்க. பெர்னடெற் அஜித்தாவின் கையை விட்டாள். ஓர் அருள்நிறை மரியே சொல்லி முடிக்கும் நேரம்கூட இருக்காது. மூலைக் குழியிலிருந்த கன்று கொஞ்சம் அடம்பிடித்தது, பிறகு வந்தது. மேலங்கிக்குள் வைத்தாள். கையைப் பின்னால் நீட்டினாள். சின்னக் கையொன்று வந்து அதற்குள் புகுந்துகொண்டது. குளிர்ந்திருந்தது. கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது.

மேலே வந்து முகக்கவசத்தைக் கழற்றியபோது அஜித்தா அஜித்தாவாகத்தான் இருந்தாள். சோடிகள் சரியாக இருந்தன. “எனக்கு நித்திரை வருது, அம்மா,” என்றாள். ரயிலில் தாயின் மடியில் படுத்தவள் கொலியர்ஸ் வூட்டில் எழுப்பியும் எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள் பெர்னடெற்.

முதலில் கண்டது ஜெஸ்ரின். பெர்னடெற்றின் கணவன். பாண் பேக்கரியில் இரவு ஷிப்ட். விடியப்புறம் நாலரைக்கு வீட்டுக்கு வருவான்.

“பிள்ளை ராத்திரி குசினியிலை நிக்கிறாள்,” என்றான், ஒரு நாள் காலை தேநீரை ஊதிக்கொண்டு. “ரியூப் லைற்றுக்குக் கீழை. முகத்தை மேலை தூக்கி, கையை விரிச்சுக்கொண்டு. பசிக்குதோ எண்டு கேட்டன். இல்லை, லைற்றை மட்டும் நிப்பாட்டாதேங்கோ அப்பா எண்டாள்.”

“கனவிலை நடந்திருப்பாள்.”

“ரெண்டு கிழமையாய் ஒவ்வொரு நாளுமோ?”

பகலில் அஜித்தா தூங்கினாள். பள்ளிக்கூடத்தில் மேசையில் தலையை வைத்துத் தூங்கினாள், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி தூங்கினாள். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பெர்னடெற் டொக்டரிடம் கூட்டிப் போனாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாம். இரவில் போனைக் கொடுக்க வேண்டாமாம்.

“அவளிட்டைப் போன் இல்லை, டொக்டர்.”

“அப்ப உங்கடை போனை ஒளிச்சு வையுங்கோ,” என்றார் அந்தத் தமிழ் டொக்டர், அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே.

இந்தப் பக்கம் முருங்கை தழைத்தது. மார்கழிக் குளிரில், வடக்குப் பார்த்த யன்னலில், ஒரு முழத்துக்கு வளர்ந்துவிட்டது. வந்து பார்த்த பெண்கள் எல்லோரும் என்ன உரம் போட்டாய் என்று கேட்டார்கள். பெர்னடெற் பெருமையாகச் சிரித்தாள். ஆனால் ஒன்றை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கன்றின் இலைகள் வெயிலில் விரிவதில்லை. காலை எட்டுக்கெல்லாம் கூப்பிக்கொள்ளும். இரவு, விளக்கு அணைத்த குசினியில், விரிந்து நிற்கும்.

தை மாதத்தில் ஒரு நாள், பகல் பத்து மணிக்கு, கோப்பை கழுவித் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். யன்னலில் கன்று, இலைகளைத் தொங்கவிட்டுக் கூப்பினபடி. அதற்கு நேரே சோபாவில் அஜித்தா. நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூக்கம். தலை கவிழ்ந்திருந்தது. இரண்டு கைகளும் நெஞ்சில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பெர்னடெற் கிட்டப் போய் அந்தக் கைகளைப் பிரித்தாள். விட்டதும் மெல்ல மெல்லத் திரும்ப ஒட்டிக்கொண்டன.

அன்று முதல் அவள் கவனிக்கத் தொடங்கினாள். எல்லா இரவும் ஒன்றாக இருக்கவில்லை. பொங்கலுக்குப் பிந்தின கிழமை புயல் அடித்து மரங்கள் விழுந்த இரவில் பிள்ளை மூன்று மணிக்கு நடு அறையில் சுற்றிச் சுற்றி ஆடினாள். கன்னம் சிவந்திருந்தது, கண் மின்னியது. காற்றே இல்லாத பனி இரவுகளில் இரவிலும் எழும்பவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, பிறத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்து, மூடிக்கொண்டாள். பெர்னடெற் போனில் காலநிலையைப் பார்க்கப் பழகினாள். மழையா வெயிலா என்று பார்ப்பதில்லை. காற்று எத்தனை மைல் என்று மட்டும் பார்ப்பாள். மன்னாரில் அவளுடைய தகப்பன் தோணி தள்ள முன்னம் வானத்தைப் பார்த்து ‘காத்து விழப்போகுது’ என்பார், காற்று ஓயப்போகிறது என்று. அந்தச் சொல்தான் அவளுக்கு இப்போது நாள் முழுவதும் வாயில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை போனில் பார்த்தாள். வெள்ளி தொடங்கி ஒன்பது நாளுக்கு நாடு முழுவதும் காற்று இல்லை. குளிரும் மூடுபனியும்தான். ஒன்பது நாள். சண்முகராசாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஒரு கிழமை இன்னும் வரேல்லை, ராசா.

செல்வமலருக்குப் போன் அடித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ பிடுங்கினனியோ?”

“ஓம், அக்கா.”

“தட்டிக் கேட்டனியோ?”

“ஆரிட்டை?”

“கண்டிட்டை, வேறை ஆரிட்டை.”

“இல்லை.”

“நான் பகிடிக்குச் சொன்னது பிள்ளை,” என்றாள் செல்வமலர். அவளுடைய குரலில் பகிடி இல்லை. “எங்கடை வீட்டிலை சும்மா சொல்லுறது. எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா நீ அதைக் கொண்டுபோய் வை. நானும் வாறன்.”

வியாழன் மத்தியானம் போனார்கள். அஜித்தாவை இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக் கூட்டிப் போனார்கள். கன்றைச் சாடியிலிருந்து எடுத்து, வேரை ஈரக் கடதாசியில் சுற்றி, இடதுகைச் சட்டைக்குள் நீளவாக்கில் விட்டிருந்தாள் பெர்னடெற். தோள் வரைக்கும் வந்தது. நடக்கும்போது அது தோலில் குளிர்ந்தது.

தோட்டத்து வாசலில் சண்முகராசா மூன்று பேரோடு ஒரே நேரத்தில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். திரையில் கோடு கீழே சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

“வெள்ளி எண்டாங்கள், இண்டைக்கே விழுகுது,” என்றார். “இண்டைக்கு ராத்திரி லைற் இல்லை. நாளைக்கும் இல்லை. எப்ப எண்டு ஆருக்குத் தெரியும். நீங்கள் என்ன விசயமாய்?”

“பிள்ளையின்ரை செபமாலை,” என்றாள் பெர்னடெற். “அண்டைக்குக் கீழை விழுந்திட்டுது. முருங்கை நிக்கிற இடத்திலை.”

“மூண்டு மாதத்துக்குப் பிறகோ?”

“அவவின்ரை முதல் நன்மைக்குக் குடுத்தது, அண்ணை. கேட்டுக் கேட்டு அழுகிறா.”

சண்முகராசா கதிரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். அழுகிற பிள்ளையாகத் தெரியவில்லை. செல்வமலரின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தாள்.

“அங்கை ஒண்டும் குறையேல்லையோ?” என்று கேட்டாள் பெர்னடெற். ஏன் கேட்டாளோ. வாய் கேட்டுவிட்டது.

“என்ன குறையிறது? ஒவ்வொரு நாளும் கமரா எண்ணுது. எழுபத்திரண்டெண்டா எழுபத்திரண்டு. ஒரு நாளும் பிழைச்சதில்லை.” அவர் மேலங்கியை நீட்டினார். “பத்து நிமிசம். எனக்கு வர நேரமில்லை, உங்களுக்கு இடம் தெரியும்தானே. வெளியிலையிருந்து ஒண்டும் கொண்டு போகப்படாது. ஒரு பூச்சி போனாலும் முழுத் தோட்டமும் எரிக்கவேணும். பையிலை என்ன?”

“சாப்பாடு.”

“இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ.”

பையை வைத்தாள். லிஃப்ற்றில் ஏறினாள். கதவு மூடும்போது கடைசியாகக் கண்டது திரையை. கோடு அடிமட்டத்தைத் தொட நான்கு விரல் இருந்தது. அஜித்தாவின் தலை செல்வமலரின் தோளிலிருந்து வழுக்கி மடிக்கு வந்திருந்தது. செல்வமலர் அவளுடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே பச்சை. பிள்ளைகள் இல்லாத சுரங்கம் முன்னையதைவிட நீளமாக இருந்தது. அவளுடைய சப்பாத்துச் சத்தம் முன்னால் போய், எங்கோ திரும்பி, பிந்தி வந்தது. நிரைகளை இலக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. செடிகள் எல்லாம் கைகூப்பி நின்றன. அவை தன்னைப் பார்க்கவில்லை, பச்சை வெளிச்சம் அவற்றுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தடவிப் பார்க்கக் கண் எதற்கு என்ற எண்ணமும் கூடவே வந்தது.

பதினாலு. அதே தட்டு. மூலைக் குழியில், அவள் பிடுங்கி வெறுமையாக்கிய இடத்தில், ஒரு கன்று நின்றது.

அது தூங்கவில்லை. எழுபத்தொன்று கவிழ்ந்து கிடக்க, அது மட்டும் நடுப்பகல்போல் இலைகளை முழுக்க விரித்து நின்றது. விரித்து, பாதை இருந்த பக்கமாக எட்டிப் பார்த்தபடி. தண்டு நேராக இல்லை. பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்திருந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்கிற மாதிரி.

பெர்னடெற் அதற்கு நேரே குனிந்தாள். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா வந்திட்டன்,” என்றாள்.

சட்டைக் கையிலிருந்து மற்றக் கன்றை எடுத்தாள். கடதாசியைக் கழற்றினாள். இழுக்கப் போன கையை நிறுத்தினாள். தட்டின் ஓரத்தில், கதவைத் தட்டுவதுபோல், மூன்று தரம் தட்டினாள். என்ன சொல்வதென்று செல்வமலர் சொல்லித் தரவில்லை. மந்திரமா செபமா என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அண்டைக்குக் கேக்காமல் எடுத்தது பிழை. உங்கடை பிள்ளையைக் கொண்டு வந்திருக்கிறன். வாடவிடேல்லை, பாருங்கோ, நல்லாய்த்தான் வளத்தனான். என்ரையைத் தாங்கோ.”

மின்விசிறி ஓய்ந்தது. அந்த இடைவெளி நீண்டது. முன்பு கேட்ட மூச்சு இப்போது கேட்கவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது போலிருந்தது. பிறகு தட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் எழுபத்தொரு கன்றும் ஒருமுறை லேசாக அசைந்தன. காற்று இல்லை.

விரிந்த கன்றைத் தொட்டாள். இழுக்கவே தேவைப்படவில்லை. தூக்கிக்கொள்ளக் கை நீட்டும் பிள்ளைபோல் அதுவாக வந்தது. வேர் சூடாக இருந்தது, அதைச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டாள். மற்றதை அந்தக் குழியில் வைத்து, நிமிர்த்தி, விரலால் அழுத்தினாள். அது உடனே மற்றவற்றோடு சேர்ந்து கவிழ்ந்தது. இனி எது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

திரும்பினாள். அப்போதுதான் மேல் தட்டைக் கண்டாள்.

அதில் நடுவில் ஒன்று விரிந்து நின்றது. அதற்கு மேல் தட்டில் இரண்டு. எதிர் நிரையில், கீழ்த்தட்டில், மிகச் சின்னது ஒன்று. அதை ஏன் முன்னம் காணவில்லை என்று தெரியவில்லை. பச்சை வெளிச்சத்தில் கண் பழகப் பழக இன்னும் தெரிந்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, தூங்குகிற கூட்டத்துக்குள் கண் விழித்துக் காத்திருக்கிற பிள்ளைகள்போல. எத்தனை பள்ளிக்கூடம் இங்கே வந்து போயிருக்கும். ஹரோவிலிருந்து, இல்ஃபோர்ட்டிலிருந்து. எத்தனை தாய்மார் நண்டுக்கறியை நினைத்திருப்பார்கள்.

எண்ணப் போனவள் நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகளை எண்ணக் கூடாது.

ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். வரவில்லை. குழியோடு இறுகி நின்றது. இலைகளை மட்டும் அவளுடைய கையை நோக்கித் திருப்பி, மணந்து பார்ப்பதுபோல் பார்த்து, தன்னுடைய ஆள் இல்லையென்று கண்டதும் மெல்ல அப்பால் திருப்பிக்கொண்டது.

“தங்கச்சி,” என்று ஒலிபெருக்கியில் சண்முகராசாவின் குரல். “பத்து நிமிசம் முடிஞ்சுது. கிடைச்சுதோ?”

“ஓம்,” என்றாள் பெர்னடெற் யாருக்கும் கேட்காத குரலில். “கிடைச்சிட்டுது.”

மேலே கதவு திறந்தபோது திரையில் கோடு அடியோடு அடியாகக் கிடந்தது. நாடு முழுவதும் ஒரு காற்றாலையும் சுற்றவில்லை. அதற்குக் கீழே அஜித்தா நின்றுகொண்டு, சண்முகராசாவின் பிஸ்கற் பெட்டியைக் கையில் வைத்து, செல்வமலரோடு தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு தான் எடுத்தனான், ரீச்சர். மூண்டாவது உடைஞ்சு கிடந்தது, அது கணக்கில்லை.”

செல்வமலர் பெர்னடெற்றைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, பசிக்குது,” என்றாள் அஜித்தா. “இண்டைக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“சனிக்கிழமை தானே வந்தம்?” அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். “ஏன் மரத்திலை ஒரு இலையும் இல்லை?”

பெர்னடெற் அவளுடைய கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது, பிஸ்கற் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் கையை அவள் ரயிலில் விடவில்லை, கொலியர்ஸ் வூட்டில் படியேறும்போது விடவில்லை. பஸ்ஸில் இருந்ததும் மறுகையால் சட்டைக் கைக்குள் கிடந்த கன்றை வெளியே எடுத்தாள். மாலை வெளிச்சத்தில் அது நன்றாக விரிந்து நின்றது. இனி இதை வாடவிட முடியாது. இந்த மாரிக்கு மட்டுமல்ல, பிள்ளை வாழுமட்டும். ஆனாலும் பிள்ளை பக்கத்தில் இருந்து காலாட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறுகிறவர்களுடைய சப்பாத்துகளைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செல்வமலர் ரூட்டிங்கில் முன்னமே இறங்கியிருந்தாள். பஸ் பாதி காலி. எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய மடியில் ஆறேழு வயதுப் பையன் பள்ளிச் சீருடையோடு தூங்கினான். பகல் நாலு மணி. பையனின் முகத்தில் நிறமே இல்லை. அந்தப் பெண் போனில் தாழ்ந்த குரலில் கதைத்தாள்.

“டொக்டர் ஒண்டுமில்லையாம் எண்டுறார். நேற்று முழுக்க எழும்பேல்லை. இண்டைக்குச் சோறு தீத்தினன், வாயிலை அப்பிடியே கிடக்கு… தெரியேல்லை அக்கா. போன மாதம் வரைக்கும் ராத்திரியிலையாவது முழிச்சிருந்தான்.”

பையனின் இரண்டு கைகளும் நெஞ்சில் ஒட்டிக் கிடந்தன. பஸ் குலுங்கும்போது பிரிந்தன. பிறகு மெல்ல ஒட்டின.

முன்பின் தெரியாத ஆள். என்ன நினைப்பாளோ. விசரி என்று எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விடுவாளோ. பெர்னடெற் அஜித்தாவின் கையை விடாமல் முன்னுக்குச் சாய்ந்தாள்.

“தங்கச்சி,” என்றாள். “உங்கடை வீட்டிலை முருங்கைக் கண்டு ஒண்டு நிக்குதோ?”

அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பெர்னடெற்றைப் பார்த்தாள். அவளுடைய கையிலிருந்த கன்றைப் பார்த்தாள். மகனை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டாள்.